கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ரிமோட் பேக்கெண்ட் டெவலப்பரை எடுப்பது எப்படி: சின்ன டீமுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் நான்கு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. மாங்காய் மண்டிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் எடைக் கணக்கு, விவசாயிக்குப் பட்டுவாடா, லாரி வாடகை இதையெல்லாம் போனிலேயே பதிகிற சாஃப்ட்வேர் செய்கிறோம். போன் ஆப் எழுத ஆபீஸிலேயே ஆள் இருக்கிறது. ஆனால் சர்வர், டேட்டாபேஸ், ஏபிஐ (ஆப்பும் சர்வரும் விவரம் பரிமாறிக்கொள்ளும் வழி), பேக்கப், பணம் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்ப்பது, இந்தப் பின்னணி வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், இரண்டு வருட அனுபவம் சேர்ந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதனால் ரிமோட்டில் எடுக்க ஆரம்பித்தோம். இதுவரை மூன்று பேர். முதல் ஆள் ஐந்து மாதத்தில் போய்விட்டார், அதில் எங்களுக்குப் பெரிய அடி. அடுத்த இரண்டு பேரும் நன்றாக அமைந்தார்கள்.

தர்மபுரியிலும் ஓசூரிலும் இதே மாதிரி சின்ன டீம் வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிமோட் ஆளை எடுப்பதில் பாதி வேலை விளம்பரம் போடுவதற்கு முன்னால், நம் பக்கத்தில் முடிக்க வேண்டியது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் வாயால் சொல்லிச் சமாளிக்கிறதையெல்லாம் ரிமோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத வராத டீமில் எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் நிற்க மாட்டார்.

1. ஆள் தேவையா என்று முதலில் பாருங்கள்

ஒரு மாதத்துக்கு நோட்டு ஒன்றில், பேக்கெண்ட் ஆள் இல்லாததால் நின்றுபோன வேலைகளை மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசியில் ஐந்தாறு வரிதான் இருக்கிறது என்றால் முழுநேர ஆள் வேண்டாம், மாதத்துக்கு இத்தனை மணிநேரம் என்று பேசி ஒரு ஃப்ரீலான்சரை வைத்துக்கொள்ளலாம். பக்கம் நிறைந்துவிட்டது, அதிலும் பாதி வரிகள் பணமும் கணக்கும் சம்பந்தப்பட்டவை என்றால் முழுநேர ஆளைத் தேடுங்கள்.

2. வேலையை எழுதுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். ‘5 வருட அனுபவம், பைதான், நோட், ஜாவா, ஏடபிள்யூஎஸ், டாக்கர், குபர்நெட்டீஸ் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எங்கேயோ பார்த்ததை அப்படியே போட்டுவிடுகிறோம். நாங்களும் முதல் தடவை அதைத்தான் செய்தோம். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு சர்வர், பல சர்வர்களைச் சேர்த்து நிர்வகிக்கிற குபர்நெட்டீஸுக்கு அங்கே என்ன வேலை? அதைப் பார்த்து வந்தவர் பெரிய கம்பெனியில் பெரிய டீமோடு வேலை பார்த்தவர். ஒற்றை ஆளாக இரவு இரண்டு மணிக்கு டிஸ்க் நிறைந்துபோனதைப் பார்க்கிற வேலை அவருக்குப் பழக்கமே இல்லை, அப்படி ஒன்று இருக்கும் என்று நாங்களும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை இப்படி எழுதினோம்: ‘பைதானின் ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் வைத்து ஓடுகிற ஒரு சிஸ்டம் இருக்கிறது. சீசனில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான எடைச் சீட்டுகள் வரும். முதல் மூன்று மாதத்தில் நீங்கள் முடிக்க வேண்டியவை: சீட்டு இரட்டிப்பாகப் பதிவாவதை நிறுத்துவது, பட்டுவாடாவை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ரிப்போர்ட், பேக்கப்பை ஒழுங்குபடுத்துவது. மே, ஜூன் மாதங்களில் வாரத்தில் இரண்டு இரவு அவசர அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் உண்டு. உங்களுக்கு மேல் சீனியர் டெவலப்பர் யாரும் இல்லை.’ கடைசி வரியைப் போடலாமா என்று ஆபீஸில் பெரிய விவாதமே நடந்தது. போட்டதுதான் சரி. கேட்டுக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டும் என்கிறவர்கள் அதைப் படித்துவிட்டே விலகிக்கொண்டார்கள், தனியாக முடிவெடுக்கப் பிடித்தவர்கள் அதைக் குறிப்பிட்டே எழுதினார்கள்.

சம்பளத்தை விளம்பரத்திலேயே எழுதுங்கள், இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று. பெங்களூரு சம்பளம் நம்மால் கொடுக்க முடியாது, அதை மறைத்து நான்கு ரவுண்டு பேசிவிட்டுக் கடைசியில் சொன்னால் இரண்டு பக்கமும் நேரம் போகும். அதே சமயம், ‘ஊரிலேயே இருக்கிறார், வாடகை மிச்சம்தானே’ என்று சம்பளத்தை அடித்துப் பேசாதீர்கள். வேலைக்குத்தான் கூலி, அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதற்கு இல்லை.

3. எங்கே தேடுவது

லிங்க்ட்இன், நௌக்ரி எல்லாவற்றிலும் போடலாம், நூற்றுக்கணக்கில் வரும், பாதிப் பேர் விளம்பரத்தைப் படித்தே இருக்க மாட்டார்கள். அதைச் சலிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ‘உங்கள் கையால் சரிசெய்த ஒரு கோளாறைப் பற்றிப் பத்து வரி எழுதி அனுப்புங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ’ என்று விளம்பரத்தின் நடுவில் கேளுங்கள். எழுதி அனுப்பியவர்களின் ரெஸ்யூமை மட்டும் திறந்தால் போதும்.

எங்களுக்கு நல்ல ஆட்கள் கிடைத்தது பழக்கத்தின் வழியாகத்தான். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994-இல் தொடங்கியது, தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரி 2013-இல். இங்கே படித்துவிட்டு பெங்களூரு, சென்னை என்று போனவர்களில் கல்யாணம், குழந்தை, வயதான அப்பா அம்மா, நிலம் என்று ஊர்ப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரை விட்டுப் போடச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாவது டெவலப்பர் அப்படித்தான் வந்தார். பாலக்கோட்டுக்காரர், ஏழு வருடம் பெங்களூருவில் வேலை பார்த்தவர், குழந்தை பிறந்த பிறகு அம்மா வீட்டிலிருந்தே செய்கிற வேலை தேடிக்கொண்டிருந்தார்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். வேலையில் இருப்பவருக்கு நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இருப்பது சகஜம். மாங்காய் சீசனுக்கு ஆள் வேண்டுமென்றால் தீபாவளி முடிந்த கையோடு தேட ஆரம்பிக்க வேண்டும். பங்குனியில் ஆரம்பித்தால் மாங்காயெல்லாம் கூழாகி டின்னில் அடைத்த பிறகுதான் ஆள் வருவார்.

4. முதல் பேச்சு

அரை மணி நேரம் போதும். வீடியோவில் பேசுங்கள், ஆனால் கேள்வி பதில் மாதிரி நடத்தாதீர்கள். அவர் எழுதி அனுப்பிய அந்தப் பத்து வரியையே எடுத்துக்கொண்டு, முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள், அது இல்லை என்று எப்படித் தெரிந்தது, திரும்ப வராமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று போய்க்கொண்டே இருங்கள். கையால் செய்தவருக்குப் பேசப் பேச விவரம் கூடிக்கொண்டே போகும். கூட இருந்து பார்த்தவருக்கு மூன்றாவது கேள்வியிலேயே ‘டீம்ல பண்ணோம் சார்’ என்று ஆரம்பித்துவிடும்.

வீட்டில் இன்டர்நெட் எப்படி, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்பதில் தப்பில்லை. ஃபைபர் அறுந்துபோனால் போன் ஹாட்ஸ்பாட், ஒரு சின்ன இன்வர்ட்டர், இந்த இரண்டும் இருந்தால் சரி. இல்லையென்றால் இன்வர்ட்டரை நீங்களே வாங்கிக் கொடுங்கள், ஒரு நாள் வேலை நின்றால் போகிற காசைவிட அது குறைவுதான்.

5. பணம் கொடுத்து ஒரு சின்ன வேலை

இந்த ஒரு படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். கடைசி இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை, மூன்று நாள் அவகாசம், உண்மையான உழைப்பு எட்டு மணி நேரம், அதற்குப் பணம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் உண்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேறு கம்பெனியில் இருப்பவர்களின் ஒப்பந்தத்தில் வெளியே காசுக்கு வேலை செய்யக் கூடாது என்று இருக்கலாம். அவர்களிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பணமில்லாமல் எட்டு மணி நேரம் கறக்காதீர்கள், அவரோடு இரண்டு மணி நேரம் திரையைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்தே செய்து பாருங்கள்.

நாங்கள் கொடுத்த வேலை எங்களுக்கே நடந்தது. மண்டியின் ஒரு மூலையில் டவர் சரியாகக் கிடைக்காது. எடை போட்ட பையன் போனில் 3,240 கிலோ என்று பதிந்து அனுப்புவான். சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் ‘வந்துவிட்டது’ என்ற பதில் போனுக்குத் திரும்புவதற்குள் சிக்னல் போய்விடும். போன் தானாகவே இன்னொரு தடவை அனுப்பும். இப்போது கணக்கில் அதே விவசாயிக்கு இரண்டு 3,240 கிலோ. பட்டுவாடா இரண்டு மடங்கு போய்விட்டால் திரும்ப வாங்குவது எவ்வளவு சங்கடம் என்று மண்டிக்காரர்களைக் கேட்டால் தெரியும். இதைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒருவர், சேமிப்பதற்கு முன்னால் ‘இதே விவசாயி, இதே எடை ஏற்கெனவே இருக்கிறதா’ என்று தேடிப் பார்க்கும்படி எழுதினார். பார்த்தால் சரிதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு கோரிக்கைகளும் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தால் இரண்டுமே தேடும், இரண்டுக்குமே ‘இல்லை’ என்று வரும், இரண்டுமே சேமித்துவிடும். அதுபோக ஒரே விவசாயி ஒரே நாளில் ஒரே எடையில் இரண்டு லோடு உண்மையாகவே கொண்டு வரலாம், அப்போது அவருடைய ஒரு லோடு கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

பாலக்கோட்டுக்காரர் புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் போனில் கூப்பிட்டார். ‘அண்ணா, இந்த டேபிள்ல எதுக்குமே யூனிக் போடலையே, வேணும்னே விட்டிருக்கீங்களா, இல்ல மறந்துட்டீங்களா?’ என்று கேட்டார். ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது என்று டேட்டாபேஸுக்குச் சொல்வதுதான் யூனிக். மறந்துவிட்டோம் என்றேன். அப்புறம் அவர் செய்தது இதுதான்: ஒவ்வொரு பதிவுக்கும் அனுப்புவதற்கு முன்பே போன் ஒரு தனி எண்ணை உருவாக்கிக்கொள்ளும், எத்தனை தடவை திரும்ப அனுப்பினாலும் அதே எண்ணோடுதான் போகும். டேட்டாபேஸில் அந்த எண் இரண்டு தடவை வரவே முடியாது என்று கட்டுப்பாடு. இரண்டாவதாக வருவதற்குப் பிழை காட்டாமல், முதலில் பதிந்த அதே சீட்டையே திருப்பி அனுப்பும், அதனால் எடை போடுகிற பையனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கூடவே ஒரு குறிப்பு: ‘ஏற்கெனவே இரட்டிப்பான பழைய பதிவுகளை நான் தொடவில்லை, அது ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.’ அந்தக் கடைசி வரிக்காகவே அவரை எடுத்திருப்பேன்.

வேறு தொழிலில் இருக்கிறவர்கள் உங்கள் கோளாறு ஒன்றையே எடுத்துக் கொடுங்கள். இன்னும் இரண்டு சோதனை சொல்கிறேன், கணக்கு சம்பந்தப்பட்ட எந்த சிஸ்டத்துக்கும் பொருந்தும்.

ஒன்று நேரம். சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பதியும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். மே 14 அதிகாலை 2 மணிக்கு எடை போட்ட லோடு, யுடிசிப்படி மே 13 இரவு 8.30. ரிப்போர்ட் எழுதுபவர் இதைக் கவனிக்கவில்லை என்றால் நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை வந்த லாரிகளெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் விழும். பகலில் மட்டும் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும், விடியற்காலையில் லோடு இறக்குகிற நமக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

இன்னொன்று பைசா. கம்ப்யூட்டரின் ஃப்ளோட் என்கிற தோராயத் தசமக் கணக்கில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பணத்தை அப்படிச் சேமித்தால் ரவுண்டு செய்யும் இடங்களில் கணக்கு பைசாவில் இடிக்கலாம். பைசாவில் முழு எண்ணாகவோ டெசிமலாகவோ வைக்க வேண்டும் என்று அவராகவே சொல்கிறாரா என்று பாருங்கள்.

எழுதி வந்த புரோகிராமைப் பார்க்க உங்களுக்குத் தெரியாது என்றால் வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒருவருக்குக் காசு கொடுத்து இரண்டு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் சும்மா பார்த்துத் தருவார் என்று விடாதீர்கள், சும்மா பார்ப்பவர் மேலோட்டமாகத்தான் பார்ப்பார்.

6. ஒப்பந்தம்

சம்பளத்துக்கு வரும் ஊழியரா, ஒப்பந்தத்தில் வரும் கான்ட்ராக்டரா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். லீவுக்குக் கேட்க வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், வேறு எங்கேயும் செய்யக் கூடாது என்றெல்லாம் வைத்துவிட்டு பேப்பரில் மட்டும் கான்ட்ராக்டர் என்று எழுதினால் பின்னால் வில்லங்கம். ஊழியர் என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுங்கள். பிஎஃப் 20 பேரிலிருந்துதான் கட்டாயம், ஆனாலும் விருப்பத்தின் பேரில் சேரலாம். கான்ட்ராக்டர் என்றால் மாதாமாதம் அவர் பில் கொடுப்பார். ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டி வரும், உங்கள் நிறுவனத்தின் வகைக்கு அது பொருந்துமா, 10 சதவீதமா 2 சதவீதமா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்தால் உடனே கட்டிவிடுங்கள், அவருடைய கணக்கில் அது தெரியாமல் போனால் நம் மேல் இருக்கும் நம்பிக்கை அன்றே போய்விடும்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் ஒரு இலக்கியப் படைப்பாகவே கணக்கு. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்குச் சொந்தம். கான்ட்ராக்டர் எழுதியது அப்படி இல்லை. நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்து மூலமாக மாற்றிக் கொடுக்காத வரை உரிமை எழுதியவருக்கே. அப்படி மாற்றிக் கொடுக்கும்போதும் எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். அதனால் புரோகிராம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தாவிட்டாலும் திரும்பாது என்று வக்கீலிடம் ஒரு பத்தி எழுதி வாங்குங்கள். தமிழ்நாடு தாண்டி ஆந்திரா, மகாராஷ்டிரா ஆலைகள் வரை விற்றுக்கொண்டிருக்கும்போது இது ஞாபகம் வந்தால் தாமதம்.

7. சாவிகளை உங்கள் கையில் வையுங்கள்

எங்களுக்கு விழுந்த அடி இங்கேதான். முதல் டெவலப்பர் சர்வர் கணக்கைத் தன் சொந்த ஜிமெயிலில் திறந்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவசரத்துக்குத் திறந்தது அப்படியே நின்றுவிட்டது. போன பிறகு அவர் போன் நம்பரை மாற்றிவிட்டார், ஓடிபி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஜூன் மாதம், ஒன்பது நாள் எங்களால் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரு சின்னத் திருத்தம்கூடச் செய்ய முடியாமல், மண்டியில் பையன்கள் பேப்பரில் எழுதிக் கூட்டினார்கள்.

டொமைன், சர்வர், புரோகிராமைச் சேமித்து வைக்கும் கிட்ஹப், பேமெண்ட் கேட்வே, பிளே ஸ்டோர், எஸ்எம்எஸ் அனுப்புவதற்கான டிஎல்டி பதிவு, எல்லாமே நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவனத்தின் பெயரில். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உங்கள் போனில். டெவலப்பருக்கு அவர் பெயரில் தனி லாகின், ஒரே பாஸ்வேர்டை ஆளுக்கு ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் மாதம் நிஜ டேட்டாபேஸை அவர் படிக்க மட்டும் முடியட்டும். சோதனைக்குக் கொடுக்கும் நகலில் விவசாயிகளின் போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கொடுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நமக்காக வேறு ஒருவர் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு நம்முடையது, பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சட்டம் கிடக்கட்டும், நம்மை நம்பித்தான் அந்த விவசாயி பாஸ்புக்கைக் காட்டுகிறார்.

8. முதல் மாதம்

முதல் வாரம் புது வசதி எதையும் எழுதச் சொல்லாதீர்கள். பேக்கப்பிலிருந்து ஒரு காலி சர்வரில் எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதைச் செய்யும்போதே சிஸ்டம் முழுவதும் அவருக்குப் புரிந்துவிடும், எங்கே எழுதி வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் பேக்கப் தினமும் எடுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சீட்டுகளின் போட்டோ அதில் இல்லை என்பது அந்த வாரம்தான் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் நேரில் வரச் சொல்லுங்கள், பஸ் செலவு, தங்கும் செலவு நம்முடையது. ஆபீஸில் உட்கார வைக்க வேண்டாம், மண்டிக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் ஆள் எடைமேடைப் பக்கத்தில் ஒரு காலை முழுக்க நின்றார். லாரி ஏறி இறங்கும் அந்த முக்கால் நிமிடத்தில் பையன் ஒரு கையில் போனும் ஒரு கையில் சீட்டுமாக, கட்டை விரலாலேயே பதிவதைப் பார்த்துவிட்டு, ஏபிஐ அவனிடம் கேட்கும் விவரத்தை ஒன்பதிலிருந்து நான்காகக் குறைத்தார்.

தினசரி ஏற்பாடு எளிமையாக இருக்கட்டும். காலை 10.30-க்குப் பதினைந்து நிமிடம் பேச்சு. மாலையில் மூன்று வரி: இன்று முடிந்தது என்ன, எங்கே நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வேண்டும். போனில் பேசி முடிவெடுத்த எதையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும், இது நமக்கும் சேர்த்துத்தான். திரையைப் படம்பிடிக்கிற, மவுஸ் அசைகிறதா என்று பார்க்கிற சாஃப்ட்வேர் எதையும் போடாதீர்கள். மூன்று வாரம் மாலைக் குறிப்பைப் படித்தால் வேலை நடக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒத்துவரவில்லை என்றால் நாற்பது நாளுக்குள்ளேயே தெரியும். ‘கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு’ என்பது மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள், தயங்கினால் மாதங்கள் ஓடிவிடும்.

9. போகும்போது

போகத்தான் செய்வார்கள். பாலக்கோட்டுக்காரர் இரண்டரை வருடம் இருந்தார், கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை மாறியது, அங்கே நல்ல இடத்தில் சேர்ந்தார். கடைசி மாதத்தில் புது வேலை எதையும் கொடுக்காமல் மூன்றாவது ஆளோடு தினமும் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னோம். கடைசி நாள் மாலை லாகின்களை நிறுத்தினோம், பாக்கிப் பணம் அன்றே போனது. போவதற்கு முன்னால் அவரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கினோம், தலைப்பு ‘அடுத்து எது உடையும்’. அதில் மூன்றாவது வரி, போட்டோக்கள் சேரும் டிஸ்க் ஆடி மாதத்துக்குள் நிறைந்துவிடும் என்பது. பழைய டிஸ்க்காக இருந்தால் ஆனி கடைசியிலேயே 80 சதவீதம் தாண்டியிருக்கும். அதற்கு முந்தின வாரம்தான் பெரிய டிஸ்க்குக்கு மாற்றி முடித்திருந்தோம்.